பின் ஆக்ஸில் கத்துகிறதா? கிரவுனைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டி 50, 60-ல் போகும்போது பின்னாலிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்த மெக்கானிக் "கிரவுன் போயிடுச்சு சார்" என்கிறார். பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பெரிய பல்சக்கரம்தான் கிரவுன், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன். பழைய மாருதி ஜிப்ஸி வாங்கிய பலர் இதைக் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன், நம்பினேன். கிரவுன், பினியன் செட்டையே மாற்றி வண்டியை எடுத்து வந்த அன்று மாலை, அதே சத்தம் அதே வேகத்தில் திரும்ப வந்தது. கெட்டிருந்தது டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங். இன்ஜின் இழுவையை முன், பின் ஆக்ஸிலுக்கு அனுப்பும் பல்சக்கரப் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ்.

இந்தத் தவறு ஜிப்ஸியில் நடக்கக் காரணம் உண்டு. இதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக, ரப்பர் மவுண்டுகளில் தரைத் தகடுக்குக் கீழே தொங்கும். கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (இழுவையைக் கடத்தும் சுழல் தண்டு) அதற்கு வரும். 2H-ல், அதாவது பின் சக்கர இழுவையில் மட்டும் ஓட்டினாலும் இழுவை அதன் பற்கள் வழியாகத்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. அங்கிருந்து பின்னால் போகும் ஷாஃப்டும் பினியனும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. அதனால் இரண்டில் எது கத்தினாலும் வேகத்தோடு சுருதி ஒரே மாதிரி ஏறும். சேஸிஸ் வழியாகச் சத்தம் பரவும்போது டிரைவர் சீட்டில் இருப்பவருக்கு எல்லாமே பின்னால்தான் கேட்கும்.

ஆகவே காதை மட்டும் நம்பி இடத்தை முடிவு செய்யாதீர்கள். சத்தம் எந்த நேரத்தில் மாறுகிறது என்று பாருங்கள். ஆளில்லாத நேரான ரோட்டில் 60-ல் போய், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, அதே வேகத்தில் பிடித்திருக்கும்போது, காலை எடுத்துவிடும்போது, நியூட்ரலில் உருளும்போது என்று நாலு நிலையிலும் கேளுங்கள். இழுக்கும்போது மட்டும் அல்லது காலை எடுக்கும்போது மட்டும் கத்தினால் பற்கள் மீது சந்தேகம் வரலாம். நாலு நிலையிலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங்கோ டயரோதான். பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, அவருக்கு எங்கே கேட்கிறது என்றும் விசாரியுங்கள்.

டயரை விட்டுவிடுவது அடுத்த தவறு. பெரிய கட்டை வைத்த மட் டயர், அதுவும் ஏறுமாறாகத் தேய்ந்திருந்தால், அச்சு அசலாகப் பேரிங் சத்தம் போடும். புதுத் தார் ரோட்டிலிருந்து சொரசொரப்பான ரோட்டுக்குப் போகும்போது சத்தம் மாறினால் அது டயர். முன் டயரைப் பின்னால், பின் டயரை முன்னால் மாற்றிப் போட்டு ஓட்டினாலும் தெரிந்துவிடும். காசு செலவில்லாத சோதனை. சக்கரப் பேரிங் என்றால் வளைவில் காட்டிக்கொடுக்கும்: வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கம் சாயும், அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங்கைப் பாருங்கள்.

கியர் போட்டதும் 'டங்' என்று அடிப்பது வேறு கதை. முதலில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நுனியில் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்டைக் கையால் திருகிப் பாருங்கள், அப்புறம் ஸ்பிரிங் பிளேட்டைப் பிடிக்கும் யூ போல்ட், புஷ்.

ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, கீழே படுத்துச் சத்தம் கேட்பது. லிவர் 4H-ல் (நாலு சக்கர இழுவை) இருக்க, முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் ஹப்பும் லாக் ஆகியிருந்தாலோ, பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கிங் டிஃபரன்ஷியல் இருந்தாலோ, தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து இழுத்துத் தள்ளிவிடும். தூக்க வேண்டுமென்றால் நாலு சக்கரத்தையும் உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கையால் சுற்றிப் பார்த்தாலே கரகரப்பு விரலில் தெரியும்.

பழைய வண்டி வாங்கப் போனால், விற்பவர் ஓட்டிக் காட்டும்போது லிவர் எதில் இருக்கிறது என்று பாருங்கள். காய்ந்த தார் ரோட்டில் 4H-ல் திருப்பினால் நல்ல வண்டியும் முறுக்கிக்கொண்டு அடிக்கும். அதைக் கேட்டு ஆக்ஸில் கெட்டது என்று நினைக்க வேண்டாம்.

பின் ஆக்ஸில் கூட்டில் இருக்கும் ஆயிலைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஆனால் வடிக்கும் போல்ட்டை முதலில் கழற்றாதீர்கள். ஊற்றும் போல்ட்டு இறுகிக் கழலாமல் போனால், ஆயில் இல்லாத வண்டியோடு நிற்பீர்கள். ஊற்றும் போல்ட்டைக் கழற்றி விரலை விடுங்கள், சமதரையில் நிற்கும்போது ஆயில் துளையின் விளிம்பைத் தொட வேண்டும். 80W-90 கியர் ஆயில் போக வேண்டிய இடத்தில் தேன் மாதிரி கெட்டியாக ஏதாவது இருந்தால், சத்தத்தை அமுக்க ஊற்றியது என்று சந்தேகப்படுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆக்ஸில் கூட்டுக்குக் காற்று போகவர இருக்கும் பிரீதர் டியூப் அடைத்திருக்கலாம். வடித்த ஆயிலைக் கொஞ்சம் உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் பிடியுங்கள். மை போன்ற சாம்பல் பசை பழைய வண்டியில் சாதாரணம். நகத்தில் தட்டுப்படும் துண்டு இருந்தால்தான் கூட்டைத் திறக்க வேண்டும்.

பினியன் ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றுகிறார்கள் என்றால் பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றும் முன் நட்டும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் ஒரு புள்ளி குத்தி, திரும்ப அதே இடத்துக்கு இறுக்க வேண்டும். பலம் இருக்கிற மட்டும் இறுக்கினால் உள்ளே பேரிங்குக்கு அழுத்தம் கூடி, சத்தமே இல்லாத வண்டி கொஞ்ச நாளில் கத்த ஆரம்பிக்கும். சமீபத்தில் சீல் மாற்றிய வண்டி கத்துகிறது என்றால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

எல்லாம் பார்த்த பிறகும் கிரவுன்தான் என்றால், பினியனோடு சேர்த்து ஒரே செட்டாக வாங்குங்கள். இரண்டும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை, ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி கத்தும். மூடும் முன் பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றச் சொல்லி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.