மரம் வளர்க்கும் உழவர் ஊக்கத்தொகை பெறுவது எப்படி: சேலம், ஏற்காடு நிலங்களுக்கான வழிகாட்டி

சேர்வராயன் மலையில் பெய்யும் மழையே திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் இறங்கிச் சேலத்துக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. அந்த நீரை மண்ணில் நிறுத்தும் மரத்தைத் தம் நிலத்தில் வளர்க்கும் உழவருக்குக் கைம்மாறு செய்யும் திட்டங்களில் எளிதில் கைக்கெட்டுவது, 2021-22இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம் ஆகும். இதில் வரப்பு நடவுக்கு ஏக்கருக்கு 50 கன்றுகளும், வயலுக்குள் குறைந்த செறிவில் நடுவதற்கு 160 கன்றுகளும் வனத்துறை நாற்றங்காலிலிருந்து விலையின்றிக் கிடைக்கும். உயிருடன் நிற்கும் கன்று ஒன்றுக்கு, இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 7 ரூபாய் என்பது திட்டத்தில் வகுக்கப்பட்ட ஊக்கத்தொகை.

வரப்பில் 50 நட்டு 40 பிழைத்தால் ஆண்டுக்கு 280 ரூபாய்தான் வரும். குழி வெட்டும் ஒரு நாள் கூலிக்கே அது போதாது. ஆகவே தொகையை மட்டும் நம்பி நட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பதினைந்து இருபது ஆண்டுகளில் விலைபோகும் மரமும், அதுவரை மண் அரிக்காத வரப்பும்தான் உண்மையான வருமானம்.

உழவன் செயலியிலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ பதிவு செய்யலாம். ஆதார், சிட்டா (நில உரிமை விவரச் சான்று), அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேட்டு நகல்), வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகளின் சம்மதத்தை முன்பே எழுதி வாங்கிவிடுவது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும்.

தொகை பிழைத்த கன்றுக்கே என்பதால், எத்தனை கிடைக்கும் என்று பாராமல் எத்தனைக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற முடியும் என்று கணக்கிட்டுக் கேளுங்கள். ஒன்றரை அடி ஆழக் குழியில் தொழுவுரமிட்டு, ஐப்பசி மழை பிடித்ததும் நட்டு, ஆடு மேயும் ஊர்களில் முள் அடைத்து, மார்ச் முதல் மே வரை மூடாக்குடன் (வேரடி மண்ணைச் சருகால் மூடி) நீர் கொடுத்தால் பெரும்பாலானவை தப்பும். நட்ட அன்றும், பின்னர் ஆண்டுதோறும், வரிசை தெரியும்படி படம் எடுத்துத் தேதியுடன் வைத்திருந்தால் அலுவலர் எண்ண வரும்போது பேச்சுக்கு இடமிராது. ஓமலூர், வாழப்பாடி பக்கத்து மானாவாரிக்கு வேம்பும் புங்கனும் வேங்கையும் தாங்கும். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நடப்படும் சில்வர் ஓக் மரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், மிளகுக் கொடி ஏற வசதியான பலா போன்ற நிழல் மரங்களைச் சேர்ப்பதே மேல்.

கோடை நீருக்குச் சொட்டுநீர் மானியம் துணையாகும். 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் தமிழ்நாட்டில் வழங்கப்படுகிறது. முழு மானியத்துக்கு வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று தேவை.

மலைக் கிராமத்தார் நடும் முன்பே ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் கிராமங்களில், சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் அனுமதியின்றி வெட்டக் கூடாது. ஆதலால் எந்த மரம், எந்தப் புல எண், எந்த ஆண்டு என்ற நடவுப் பதிவை அடங்கலிலும் ஏற்றச் சொல்லிக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பெறுங்கள். வெட்ட விண்ணப்பிக்கும் நாளில் அந்த ஒரு வரி பெரிதும் உதவும்.