1.3.0 ஐ வெளியே விடுவது எப்படி: முதல்முறை ரிலீஸ் செய்கிறவர்களுக்கு

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் என் சின்ன மென்பொருளின் 1.2.0 பதிப்பைப் பதிவேற்றிவிட்டு, மடிக்கணினியை மூடிவைத்து, அம்மாவோடு திருகோணமலை கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிட்டேன். கோட்டை வாசல் தாண்டி மான்கள் மேயும் இடத்துக்கு வரும்போதே போன் அடித்தது. கிண்ணியாவில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர்.

"தம்பி, புதுசைப் போட்டன். ஒண்டும் வேலை செய்யுதில்லை. என்னமோ ஃபைல் இல்லையாம்."

என் கணினியில் எல்லாம் ஓடியதே! இரவு வீட்டுக்கு வந்து பார்த்தால், எந்த எழுத்து எதுவாக மாறவேண்டும் என்று சொல்லும் அட்டவணைக் கோப்பு, நான் ஏற்றிய பொதிக்குள் போகவேயில்லை. நான் ப்ராஜெக்ட் கோப்புறைக்குள் நின்று ஓட்டியதால் அது பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. சரி, அழித்துவிட்டு அதே எண்ணில் திரும்ப ஏற்றலாம் என்றால் பைபிஐ (பைதன் மென்பொருள்களை எல்லோருக்கும் வழங்கும் தளம்) விடாது. ஒருமுறை ஏறிய கோப்பின் பெயரை, அழித்தாலும் மறுபடி பாவிக்க ஏலாது. 1.2.0 கெட்டது கெட்டதுதான். அதை 'யாங்க்' செய்துவிட்டு 1.2.1 விட்டேன். யாங்க் செய்தால், அந்த எண்ணை அச்சொட்டாகக் கேட்பவருக்கு மட்டும் அது கிடைக்கும். மற்றவர்களுக்கு, பைபிஐயிலிருந்து எடுத்துப் போடும் கருவியான பிப் அதை எடுக்காது.

கோணேசபுரி கம்பஸில் படிக்கும் இரண்டு பேர் "அண்ணா, ரிலீஸ் எப்படிச் செய்யிறது?" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். கீழே உள்ள படிகளில் முக்கால்வாசி, பதிவேற்றும் பொத்தானைத் தொடுவதற்கு முந்திய வேலை. ஏன் என்று மேலே சொல்லியாயிற்று.

உதாரணத்துக்கு என் மென்பொருளையே எடுக்கிறேன்: பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு பைதன் நிரல். எங்கள் ஊர் கோயில் மலர், பாடசாலை மலர் எல்லாம் இன்னும் பாமினியில் கிடப்பது உங்களுக்குத் தெரியும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. எண்ணைத் தீர்மானியுங்கள்

பெரும்பாலானோர் பாவிப்பது மூன்று எண் முறை. பிழை திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண் கூடும்: 1.2.1 இலிருந்து 1.2.2. பழையது எதுவும் உடையாமல் புது வசதி வந்தால் நடு எண் கூடி, கடைசி எண் பூச்சியமாகும்: 1.3.0. பழைய பதிப்பை நம்பி எழுதியவரின் நிரல் உடையும் என்றால் முதல் எண்: 2.0.0. ஒரு ஃபங்ஷனின் பெயரை "வடிவாக இருக்கட்டும்" என்று மாற்றினாலும் அது உடைப்புத்தான்.

இது தசமம் இல்லை. 1.9.0 க்குப் பிறகு வருவது 1.10.0, 10 என்பது 9 ஐவிடப் பெரியது. கம்பஸ் தம்பி ஒருவர் 1.9 க்குப் பிறகு 2.0 தான் வரவேண்டும் என்று அரை மணித்தியாலம் வாதாடினார்.

இந்தமுறை எங்களிடம் ஒரு பிழை திருத்தமும், கோப்புறை முழுவதையும் ஒரே தடவையில் மாற்றும் புது வசதியும் இருக்கின்றன. ஆகவே 1.3.0. எண் ஒரே இடத்தில், பொதியின் விவரங்கள் எழுதும் 'பைப்ராஜெக்ட்.டோம்ல்' கோப்பில் மட்டும் இருக்கட்டும். இரண்டு இடத்தில் எழுதினால் ஒரு நாள் ஒன்றை மறப்பீர்கள்.

2. சேஞ்ச்லாக் எழுதுங்கள்

சேஞ்ச்லாக் என்பது ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்ற பட்டியல். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். கமிட் செய்திகளை (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில், ஒவ்வொரு பதிவோடும் எழுதும் குறிப்பு) அப்படியே அள்ளிக் கொட்டிவிடுவார்கள். "பிழை திருத்தம்", "இன்னும் திருத்தம்", "இப்ப சரி". வாசிப்பவருக்கு இதில் என்ன கிடைக்கும்?

எங்கள் பிழையைப் பாருங்கள். பாமினியில் துணைக்காலுக்கும் 'ர்' எழுத்தின் உடலுக்கும் ஒரே விசை, ஆங்கில எச். புள்ளி சேர்ந்தால் அது ர். என் நிரல் புள்ளியைப் பார்ப்பதற்கு முன்பே எச் எல்லாவற்றையும் துணைக்காலாக மாற்றிவிட்டது. கோணேசர், 'கோணேசா்' ஆனார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் தேடினால் அகப்படாது; அகரவரிசையில் போட்டால் இடம் மாறி நிற்கும். மலரின் பெயர்ப் பட்டியலை அடுக்கும்போதுதான் அச்சக நண்பர் கண்டுபிடித்தார்.

இதை நான் சேஞ்ச்லாகில் எழுதியது இப்படி: "ர் வரவேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் வந்த பிழை திருத்தப்பட்டது. 1.2.1 அல்லது அதற்கு முந்திய பதிப்பால் மாற்றிய கோப்புகள் இருந்தால், மூலக் கோப்பிலிருந்து இன்னொருமுறை மாற்றுங்கள்." இரண்டாவது வசனம்தான் முக்கியம். என்ன நடந்தது என்பதோடு, வாசிப்பவர் இப்போது என்ன செய்யவேண்டும் என்பதும் அதில் இருக்கவேண்டும்.

சேர்த்தவை, மாற்றியவை, திருத்தியவை, நீக்கியவை என்று பிரித்து, திகதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் போடுங்கள். பிழையைச் சொன்னவருக்கும் கோட் தந்தவருக்கும், அவர்கள் சம்மதித்தால், பெயர் போட்டு நன்றி சொல்லுங்கள். உரிமக் கோப்பு (மற்றவர் இதை எப்படிப் பாவிக்கலாம் என்று சொல்வது) ரெப்போவில், அதாவது கிட் வைத்திருக்கும் கோட் களஞ்சியத்தில், இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

3. சுத்தமான இடத்தில் பொதி கட்டுங்கள்

தினமும் வேலை செய்யும் கோப்புறையில் கட்டாதீர்கள். எல்லாவற்றையும் கமிட் செய்து, இணையத்தில் ரெப்போ இருக்கும் கிட்ஹப்புக்குத் தள்ளிவிட்டு, வேறோர் இடத்தில் புதிதாக குளோன் (ரெப்போவின் முழுப் பிரதி) எடுத்து, அங்கே 'பைதன் -எம் பில்ட்' ஓட்டுங்கள். 'டிஸ்ட்' கோப்புறையில் இரண்டு கோப்புகள் வரும்: மூலக்கோட் பொதி ஒன்று, வீல் ஒன்று. வீல் என்பது அப்படியே நிறுவக்கூடிய பொதி, உண்மையில் ஒரு ஸிப் கோப்புத்தான். திறந்து கண்ணால் பாருங்கள். அட்டவணைக் கோப்பு உள்ளே இருக்கிறதா? கடவுச்சொல் எழுதிய ஏதாவது தவறுதலாகப் போயிருக்கிறதா?

பொதியும் ரெப்போவும் ஒன்றாக இருப்பது வெறும் ஒழுங்குக்காக இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழி) ஒன்று பிடிபட்டது. அதை இயக்கிவிடும் துண்டு கிட் ரெப்போவில் இருக்கவில்லை, வெளியிட்ட பொதியில் மட்டும் இருந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) உள்நுழைவு அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியியலாளர்தான் துருவிக் கண்டுபிடித்தார்.

4. ஆர்சி விட்டுப் பாருங்கள்

ஆர்சி என்பது இறுதி வெளியீட்டுக்கு முந்திய சோதனைப் பதிப்பு. எண்ணை 1.3.0ஆர்சி1 என்று மாற்றி, பொதி கட்டி, பைபிஐயில் ஏற்றுங்கள். பயப்பட வேண்டாம்: 1.2.1 போன்ற நிலையான பதிப்பு ஏற்கெனவே இருந்தால், 'ப்ரீ' என்றோ அந்த எண்ணையோ தனியாகச் சொல்லிக் கேட்பவருக்கு மட்டுமே பிப் இதைக் கொடுக்கும். ஏற்றும் கருவி ட்வைன்: முதலில் பொதியைச் சோதிக்க 'ட்வைன் செக்', பிறகு 'ட்வைன் அப்லோட்'. 2024 தொடக்கத்திலிருந்து பைபிஐ கணக்குக்கு இரட்டை உறுதிப்பாடு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது) கட்டாயம். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் உங்கள் ஏபிஐ டோக்கனை (பைபிஐ தரும் இரகசியக் குறியீடு) கொடுக்கவேண்டும். அந்த டோக்கனை ரெப்போவுக்குள் வைக்காதீர்கள்.

இனி அதை வேறு ஆளின் கணினியில் போட்டுப் பாருங்கள். நான் உப்புவெளியில் இருக்கும் சிநேகிதன் வீட்டுக்குப் போவேன், அவனிடம் விண்டோஸ் இருக்கிறது. என் லினக்ஸில் ஓடிய நிரல் அங்கே அட்டவணையைத் திறக்கும்போதே விழுந்தது. கோப்பைத் திறக்கும் வரியில் யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் குறிமுறை) என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் தன் பழைய குறிமுறையில் தமிழை வாசிக்கப் பார்த்திருக்கிறது. ஒரு சொல் சேர்த்தேன், ஆர்சி2 விட்டேன். வேறு கணினி கிடைக்காவிட்டால், பைதனின் 'வென்வ்' கருவி கொண்டு தனியான புதிய சூழல் ஒன்று உருவாக்கி, ப்ராஜெக்ட் கோப்புறைக்கு வெளியே நின்றாவது ஓட்டிப் பாருங்கள். கோயில் வாசலில் எனக்கு வந்த அழைப்பு உங்களுக்கு வராது.

5. டேக் போட்டு வெளியிடுங்கள்

டேக் என்பது ரெப்போவில் ஒரு பதிப்புக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு. ஆர்சியில் குறை இல்லையென்றால் எண்ணை 1.3.0 ஆக்கி கமிட் செய்யுங்கள். 'கிட் டேக் -ஏ வி1.3.0' என்று அடித்தால் செய்தி கேட்கும். ஒரு வரி எழுதுங்கள். சாதாரண 'கிட் புஷ்' டேக்கைக் கொண்டுபோகாது. 'கிட் புஷ் ஆரிஜின் வி1.3.0' என்று தனியாகத் தள்ளவேண்டும். தள்ளிய டேக்கை நகர்த்தாதீர்கள். ஏற்கெனவே எடுத்தவர்களிடம் பழையதே நிற்கும். ஒரே பெயரில் இரண்டு கோட் ஊரில் திரியும்.

அந்த டேக்கிலிருந்து திரும்பக் குளோன் எடுத்து, பொதி கட்டி, பைபிஐயில் ஏற்றுங்கள். கிட்ஹப்பில் ரிலீஸ் பக்கத்தைத் திறந்து, டேக்கைத் தெரிவுசெய்து, சேஞ்ச்லாகை ஒட்டி வெளியிடுங்கள். இவ்வளவுதான், பத்து நிமிட வேலை.

நேரம் பார்த்துச் செய்யுங்கள். வெளியிட்டபின் இரண்டு மணித்தியாலமாவது கணினிக்குப் பக்கத்தில் இருக்க முடிகிற நாளாக இருக்கட்டும். மார்கழி மழையில் இரவு கரண்ட் எப்ப நிற்கும் என்று தெரியாது, ஆகவே நான் இப்போது காலையில்தான் விடுகிறேன்.

1.3.0 ஐ ஒரு செவ்வாய்க்கிழமை காலை விட்டு, கிண்ணியாவுக்கு வாட்ஸப்பில் சொன்னேன். மத்தியானம் பதில் வந்தது: "ர் எல்லாம் சரி. ஆனா கௌரி என்ற பேர் 'கெளரி' எண்டு வருது." பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் ள எழுத்தும் ஒரே விசை. நிரலுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? கிட்ஹப்பில் இஷ்யூ (பிழைக் குறிப்பு) ஒன்று திறந்து, 1.3.1 என்று குறித்து வைத்திருக்கிறேன். யோசனை இருந்தால் அங்கே எழுதுங்கள்.