குளத்தில் மீன் சாகிறதா? மருந்து வாங்குமுன் இதைப் பாருங்கள்

செத்து மிதப்பவற்றை எண்ணினால் மட்டும் போதாது. எந்த இனம் சாகிறது என்று பாருங்கள். ஒரே இரவில் எல்லா இனமும், அதிலும் பெரிய மீன்கள் முதலில், செத்திருந்தால் அது பெரும்பாலும் நோயே அல்ல, ஆக்சிஜன் பற்றாக்குறை. விடியுமுன் நீரின் ஆக்சிஜனை அளந்தால் தெரிந்துவிடும்.

சாவு நாளுக்கு நாள் ஏறி, உடலில் புண்ணும் ரத்தத் திட்டும் வீங்கிய வயிறும் இருந்தால் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். செவுள் மஞ்சள் பழுப்பாக அழுகி, முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய பட்டை இருந்தால் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். கலப்பு வளர்ப்பில் சாதாக் கெண்டை மட்டும் கொத்துக்கொத்தாகச் சாகிறது, புல் கெண்டைக்கு ஒன்றுமில்லை, கண் குழிந்திருக்கிறது, செவுளில் வெள்ளைத் திட்டு, தண்ணீர் 18 முதல் 28 டிகிரி செல்சியஸ் என்றால் கோய் ஹெர்பெஸ் வைரஸாக இருக்கலாம். திலேப்பியாவில்தான் குழப்பம்: கண் பிதுங்குவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவிலும் உண்டு, திலேப்பியா லேக் வைரஸிலும் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

ஆய்வகத்துக்குச் செத்த மீனைக் கொண்டுபோவதுதான் வழக்கமான தவறு. செத்த உடலில் நீரிலுள்ள ஏரோமோனாஸ் புகுந்து பெருகிவிடும். சோதனையில் அதுவே குற்றவாளியாகத் தெரியும். தள்ளாடி நீந்தும் நாலைந்து மீன்களை ஆக்சிஜன் நிரப்பிய பையில் உயிரோடு அனுப்புங்கள். பிசிஆர் (கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும்) சோதனைக்கு என்றால் செவுள், சிறுநீரகத் துண்டுகளை 95 சதவீத எத்தனாலில் போட்டும் அனுப்பலாம்.

பாக்டீரியா உறுதியாகி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற முடிவும் வந்த பிறகே ஆன்டிபயாடிக். ஆக்ஸிடெட்ராசைக்ளின், அனுமதி உள்ள இடங்களில், கிலோ மீனுக்கு நாளுக்கு 75 மில்லிகிராம் வீதம் 10 நாள் தரப்படுகிறது. 1,000 கிலோ மீனுக்கு 75 கிராம். தீவனம் மீன் எடையில் 2 சதவீதம், அதாவது 20 கிலோ போட்டால், கிலோ தீவனத்துக்கு 3.75 கிராம். கவனம்: மீன் பாதித் தீவனத்தையே தின்றால் மருந்தும் பாதிதான் சேரும். அதனால் முதலில் எவ்வளவு தின்கிறது என்று பார்த்துவிட்டுக் கலக்குங்கள். படுத்துவிட்ட மீன் தின்னாது. இந்த வைத்தியம் இன்னும் தின்பவற்றுக்குத்தான். அறுவடைக்கு முன் விடவேண்டிய இடைவெளி லேபிளில் இருக்கும்.

வைரஸுக்கு இதெல்லாம் வீண்செலவு. மீனையும் நீரையும் குளத்தை விட்டு வெளியே விடாதீர்கள். வலையைக் கழுவி, 100 லிட்டர் நீரில் 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 67 கிராம் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். கோய் ஹெர்பெஸில் தப்பிய கெண்டை பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் வைரஸைச் சுமந்தபடியே இருக்கும். அதைக் குஞ்சுக் குளத்தில் விடக்கூடாது.