மழையில் மலை சைக்கிள் ரேஸ்: டெல்டாக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மழையும் சேறும் புதுசு இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் வெண்ணாற்றங்கரையிலும் கல்லணைக் கால்வாய்க் கரையிலும் டயரில் களிமண் அப்பி, சக்கரமே சுற்றாமல் நின்று, ஒரு குச்சியை ஒடித்து நோண்டிவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். இந்தப் பழக்கம் கொடுக்கிற தைரியத்தில்தான் கார்த்திகை, மார்கழியில் ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல், ஊட்டி என்று எங்கேயாவது ஒரு மலை ரேஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மழைதானே, பார்த்துக்கலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் நம் ஊர் மழையில் நனைந்தால் குளிராது. டிசம்பர் ராத்திரியில்கூட டெல்டாவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர், ஊட்டி 2,240. வடகிழக்குப் பருவமழை கொடைக்கானலையும் விட்டுவைக்காது. 10 டிகிரியில், தொப்பலாக நனைந்து, இறக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அறையும்போதுதான் வெண்ணாற்றங்கரைப் பழக்கம் எதற்கும் உதவாது என்று புரியும்.

இதில் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு, நனையாமல் தப்பித்துவிடலாம் என்று நினைப்பது. தப்பிக்க முடியாது. மேலேயிருந்து மழை, கீழேயிருந்து முன்சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர், இது போதாதென்று ஏற்றத்தில் நம் உடம்பு விடுகிற வியர்வை, மூன்றில் ஏதோ ஒன்று அரை மணிக்குள் நனைத்துவிடும். நனைந்த பிறகும் சூடு போகாமல் இருப்பது எப்படி என்று யோசித்து உடுப்பையும் சாப்பாட்டையும் முடிவு செய்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ரெயின்கோட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். மோட்டார் சைக்கிளில் போகும்போது போடுகிற ரப்பர் கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உட்கார்ந்து போகிற வண்டிக்கு அது சரி. மூச்சு வாங்க மிதிக்கிற ஏற்றத்தில் அதற்குள் இருப்பது இட்லிக் கொப்பரைக்குள் இருப்பது மாதிரிதான். வெளியே மழை, உள்ளே அதைவிடப் பெரிய மழை. சரி, வியர்வை ஆவியை வெளியே விடும் என்று சொல்லி விற்கிற விலை உயர்ந்த ஜாக்கெட்? அதிலும் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு குழப்பம் இருக்கிறது. அந்தத் துணி ஆவியை வெளியே தள்ளுவது உள்ளே சூடும் ஈரமும் அதிகமாகவும், வெளியே அவை குறைவாகவும் இருக்கும்போதுதான். கார்த்திகை மாசம் திருவாரூரில் 26 டிகிரி, காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கிற நாளில் அதைப் போட்டுச் சோதித்துப் பார்த்தால் உள்ளே கசகசவென்றுதான் இருக்கும். காசு தண்டம் என்று முடிவு கட்டி வீட்டில் வைத்துவிட்டு மலைக்குப் போகிறார்கள். மலைக் குளிரில் அதே ஜாக்கெட் இதைவிட ஒழுங்காக வேலை செய்யும். இன்னொன்று, துணி மென்மையாக இருக்கட்டும் என்று வாசனைத் திரவம் ஊற்றி அலசினால் அதன் மேல்பூச்சு கெட்டுப்போய், மழை முத்து முத்தாக உருண்டு ஓடாமல் துணியிலேயே ஊறி நிற்கும்.

என்னைக் கேட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற ரேஸுக்கு முழு ஜாக்கெட்டே வேண்டியதில்லை. கையில்லாத, நெஞ்சில் காற்றை மறிக்கிற ஒரு மெல்லிய விண்ட்சீட்டர் போதும். ஏற்றத்தில் ஜிப்பைத் திறந்துவிடலாம், உச்சியில் மூடிக்கொள்ளலாம். மடித்தால் சைக்கிள் ஜெர்சியின் முதுகுப் பையில் அடங்கிவிடும்.

கோட்டைவிட முக்கியம் தோலை ஒட்டி இருக்கிற துணி. ஜெர்சிக்குள் பருத்தி பனியன் போடுகிற பழக்கத்தை மலைக்குப் போகும்போது விட்டுவிட வேண்டும். பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது. நாள் முழுக்க ஒரு ஈரத்துண்டை நெஞ்சில் போர்த்தியிருக்கிற கணக்கு. அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும் என்பதால் அந்தப் பனியன் இருப்பதைவிட இல்லாததே நல்லது. உடம்போடு ஒட்டின மெல்லிய பாலியஸ்டர் டி-ஷர்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. மெரினோ கம்பளி வாங்க வசதி இருந்தால் இன்னும் நல்லது, நனைந்தாலும் கொஞ்சம் சூடு வைத்திருக்கும்.

பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடுவதைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் புதுசாக வருகிறவர்களில் பாதிப் பேர் செய்கிறார்கள். போடக்கூடாது. நனைந்த ஜட்டித் தையல் தொடையிடுக்கை அறுத்துவிடும். உரசாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். அதிகாலை ஐந்து மணிக்கு லாட்ஜ் பாத்ரூமில் நின்றுகொண்டு, கட்டியான பாட்டிலைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாஸ்லைன் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் லைனில் நிற்கும்போது கதகதப்பாக இருந்தால் உடுப்பு அதிகம் என்று அர்த்தம். நாம் எரிக்கிற சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடுதான், அதனால் ஏற ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் உள்ளுக்குள் அடுப்பு பற்றிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பயந்து ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் போட்டுக்கொண்டு கிளம்பினால் எல்லாம் வியர்வையில் ஊறி, உச்சியிலிருந்து இறங்கும்போது அந்த ஈரமே எதிரியாகிவிடும். விசில் ஊதும் வரை ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருங்கள், ஊதினதும் கூட வந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கைதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை. கால் மரத்தாலும் மிதிக்கலாம், விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். பாதி விரல் கையுறை நம் ஊருக்குச் சரி, அங்கே முழு விரல் மூடினது வேண்டும். அதற்குள்ளே ஆஸ்பத்திரியில் போடுகிற மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டால் வியர்க்கும், ஆனால் காற்று சூட்டை உறிஞ்சாது, விரல் சூடாகவே இருக்கும். உச்சியில் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு முதுகுப் பையில் வையுங்கள், அதைவிட லாபமான எடை வேறு இல்லை.

கறுப்புக் கண்ணாடி வேண்டாம், மேகமும் சோலை மரமும் சேர்ந்தால் பகலிலேயே இருட்டு. வெள்ளைக் கண்ணாடியோ மஞ்சள் கண்ணாடியோ போதும். முட்டியை மூடுங்கள். ஷூவுக்குள் தண்ணீர் வராமல் தடுக்க முயல்வதைவிட வந்த தண்ணீர் வெளியே போக வழி இருப்பது மேல்.

சாப்பாட்டுக்கு வருவோம். வெளியூர்ப் பயணம் என்றாலே புளியோதரை கட்டுவது நம் வீட்டு வழக்கம், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, முதல் நாள் மத்தியானம் பஸ்ஸில் தாராளமாகச் சாப்பிடலாம். ரேஸ் அன்று காலையில் அதைத் தொட வேண்டாம். எண்ணெயும் புளியும் மிளகாயும் வயிற்றில் கிடக்க, குனிந்த வாக்கில் ஏற்றம் மிதித்தால் நெஞ்சு வரை எரிந்துகொண்டு வரும். நெய் மிதக்கிற பொங்கலும் அப்படித்தான். கொழுப்பு வயிற்றை விட்டு இறங்க நேரமாகும், குளிர் காலையில் அது எவ்வளவு மணத்தாலும் சரி. நான்கைந்து இட்லி, கொஞ்சம் சர்க்கரை, ஒரு பூவன் பழம், கிளம்புவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால், அவ்வளவுதான். ஏழு மணி ரேஸுக்கு நாலரைக்குச் சாப்பிட வேண்டும், அந்நேரத்துக்கு மலையில் எந்த ஹோட்டலும் திறந்திருக்காது. இதை முதல் நாள் சாயங்காலமே யோசித்து வாங்கி வைக்காதவர்கள்தான் காலையில் பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்கிறார்கள்.

ஓட்டும்போது சாப்பிடுவதில் நடக்கிற தவறு வேறு மாதிரி. பசித்தால் சாப்பிடலாம் என்று காத்திருப்பது. குளிரிலும் பரபரப்பிலும் பசி தெரியாது, தெரிகிறபோது கால் ஓய்ந்திருக்கும். முதல் அரை மணிக்குள் ஆரம்பித்து, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். இது கால் ஓடுவதற்கு மட்டும் இல்லை, உடம்பு சூட்டை உண்டாக்குவதற்கும் இதேதான் விறகு. நடுங்குவதற்குக்கூட சக்தி செலவாகிறது.

எதைச் சாப்பிடுவது என்பதைவிட எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். கடலை மிட்டாய் நல்ல தீனி, மறுக்கவில்லை. ஆனால் ஏற்றத்தின் நடுவில் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை சேற்றுக் கையுறையோடு அந்த வழவழப்பான கவரைத் தடவித் தடவிப் பார்க்கும், ஓரம் பிடிபடாது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தால் பாதி மிட்டாய் தரையில், கவரில் இருந்த சேறு வாயில். மிச்சத்தைக் கடித்தாலும் குளிரில் கல் மாதிரி இருக்கும், மூச்சு வாங்கும்போது கடலைத் தூள் தொண்டையில் ஏறி இருமல் வரும். கொட்டை எடுத்த பேரீச்சம்பழமோ, தோல் உரித்துத் துண்டு போட்ட பழமோ, வீட்டிலேயே ஒரு வாய் அளவுக்குப் பிரித்து, ஹேண்டில்பார் பக்கத்தில் மாட்டுகிற சின்னப் பைக்குள் மூடி வைத்துவிட்டால் கையுறையோடு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஜெல் பாக்கெட் (பிழிந்து விழுங்குகிற சர்க்கரைக் குழம்பு) என்றால் முனையை முன்கூட்டியே லேசாகக் கத்தரித்து வையுங்கள்.

குடிப்பதில் மழையே ஏமாற்றும். சுற்றிலும் தண்ணீர், தாகமும் இல்லை, எதற்குக் குடிப்பது என்று தோன்றும். குளிரில் தாக உணர்வு மழுங்கும், ஆனால் ஜாக்கெட்டுக்குள் வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதோடு குளிரில் சிறுநீரும் அதிகம் பிரியும். ஸ்டார்ட் ஆவதற்குள் நாலு தடவை ஒதுங்க வேண்டியிருக்கிறதே என்று குடிப்பதையே நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கலாம், அது இன்னும் மோசம். மணிக்கு அரை லிட்டர் சுமாராகப் போக வேண்டும், பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் மாதிரித் தண்ணீர் என்றால் யாருக்கும் வாய் போகாது, அதனால் பாட்டிலில் வெதுவெதுப்பாக ஊற்றிக் கிளம்புங்கள்.

ஓஆர்எஸ் பாக்கெட்டை எனர்ஜி டிரிங்க் என்று நினைத்துக் குடிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கலக்கினால் ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான் இருக்கும், வயிற்றுப்போக்குக்குச் செய்த மருந்து அது, மலை ஏறுவதற்குப் பத்தாது. சத்து கூடட்டும் என்று ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கொட்டினால் வயிறு கலங்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்பு குறைவு, வியர்வையில் போவது உப்பு. இதற்கெல்லாம் நம் வீட்டுப் பானகமே பதில் சொல்லும்: ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெல்லம், கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம், கொஞ்சம் சுக்கு, நன்றாக வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் பாட்டிலில். வடிகட்டாவிட்டால் பாட்டில் வாயை வெல்லக் கசடு அடைத்துக்கொள்ளும். காபி குடித்தால் உடம்பில் தண்ணீர் வற்றும் என்று பயந்து, தினமும் டிகிரி காபி குடிக்கிறவர்கள் அன்றைக்கு மட்டும் நிறுத்தி, தலைவலியோடு ஓட்ட வேண்டியதில்லை.

முடித்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மெடல், போட்டோ, அரட்டை, ஈர ஜெர்சியோடு இருபது நிமிஷம். மிதிப்பதை நிறுத்தினதும் உள்ளே இருந்த அடுப்பு அணைந்துவிடுகிறது, ஈரம் அப்படியே இருக்கிறது. முதல் வேலை உடுப்பு மாற்றுவது. அதற்கு ஒரு லுங்கியும் துண்டும் போதும், எந்த மைதானத்தின் ஓரத்திலும் லுங்கிக்குள் நின்று எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், வெளிநாட்டுக்காரர்கள் இதற்கென்று காசு கொடுத்து அங்கி வாங்குகிறார்கள். அப்புறம் பிளாஸ்கில் சுக்கு மல்லி காபியோ ரசமோ, கூடவே ஏதாவது சாப்பாடு. ஹெல்மெட் கிளிப்பைக் கழற்றத் தெரியாமல் ஒருவர் தாடைக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தால், பேச்சு குழறினால், நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று மந்தமாக உட்கார்ந்தால், அவரைத் தனியே விடாதீர்கள், ஈரத்தை உரித்துக் கம்பளியில் சுற்றி உடனே மருத்துவக் குழுவிடம் கொண்டுபோங்கள். குளிருக்கு இதமாக ஒரு பெக் பிராந்தி என்று யாராவது நீட்டுவார்கள். அது தோலுக்கு ரத்தத்தைத் தள்ளிச் சூடு ஏறின மாதிரி ஏமாற்றிவிட்டு, உள்ளே இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று, பாட்டில் வாயில் அப்புகிற சேறு. 2008-இல் வேல்ஸில் பில்த் வெல்ஸ் என்ற ஊரில் நடந்த மலை சைக்கிள் ரேஸில், ஆட்டுப் புழுக்கை கலந்த சேறு வாய்க்குள் போனதால் ஏராளமானோருக்குக் காம்பைலோபாக்டர் கிருமி தொற்றி வயிற்றுப்போக்கு வந்தது. நம் பக்கம் பயிற்சி ஓட்டுகிற இடத்தை யோசித்துப் பாருங்கள்: வரப்பு முழுக்க மாடு, வயலில் மேய்கிற வாத்து, எலி வளை, எல்லாவற்றின் மேலும் மழை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும், சிராய்ப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் நுழையும். மூடி போட்ட பாட்டில் வாங்குங்கள், இல்லாவிட்டால் பாட்டில் வாயில் ஒரு பிளாஸ்டிக் கவரை ரப்பர் பேண்ட் போட்டு மாட்டுங்கள். முதல் பீய்ச்சலைத் தரையில் விட்டுவிட்டு அடுத்ததைக் குடியுங்கள். முன்சக்கரத்துக்கு மட்கார்டு மாட்டுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. காலில் வெட்டு இருந்தால் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு ஏறுங்கள், இறங்கினதும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஓட்டி முடித்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மிதித்த வலி என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடாமல், ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றுத் தண்ணீரில் சைக்கிள் ஓட்டினேன் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.