கோர்ட் வரியைக் குறைத்துவிட்டது. உங்கள் கண்டெய்னருக்குப் பணம் திரும்புமா?

போன மாதம் அரசூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். பைப் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் டாக்குமென்டேஷன் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. "அண்ணா, அமெரிக்காவில் ஸ்டீல் பைப்புக்கான ஆன்டி டம்பிங் வரியைக் கோர்ட் குறைத்துவிட்டதாம். எவ்வளவு ரீஃபண்ட் வரும் என்று திங்கட்கிழமைக்குள் முதலாளி கேட்கிறார்" என்றான். ஆன்டி டம்பிங் என்பது, உள்நாட்டில் விற்பதைவிட மலிவாக வெளிநாட்டுக்கு விற்றால் அந்த நாடு போடும் கூடுதல் வரி. நான் இரண்டே கேள்விகள் கேட்டேன். எந்த வருடத்துச் சரக்கு? அங்கே இறக்குமதியாளர் என்று யார் பெயர் போட்டிருக்கிறது? இரண்டுக்கும் அவனிடம் பதில் இல்லை. அந்த வரிக் குறைப்பு பற்றிய நோட்டீஸை அனுப்பச் சொல்லி, அதை வைத்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

இது அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கான குறிப்பு. சீனாவிலிருந்து சீம்லெஸ் பைப் இறக்குகிறவர்களுக்குப் பாதை வேறு: டிஜிடிஆர் என்ற மத்திய அரசு இயக்குநரகம் பரிந்துரைக்கும், நிதி அமைச்சகம் அறிவிக்கை போடும், மேல்முறையீடு செஸ்டாட் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகும்.

முதல் படி: வரி எப்படி வாங்கப்படுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டுகிறோம் அல்லவா, அதே கதைதான். கல்யாணம் முடிந்த பிறகு கரண்ட் மீட்டரைப் பார்த்து, உடைந்த நாற்காலியை எண்ணி, மேனேஜர் கணக்கை முடிப்பார். மீதி கைக்கு வரலாம், மேற்கொண்டும் கட்ட நேரலாம். அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு இறங்கும்போது கட்டும் ஆன்டி டம்பிங் தொகையும் அப்படிப்பட்ட முன்பணம்தான். அதற்குப் பெயரே கேஷ் டெபாசிட்.

கணக்கை முடிக்க ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு உண்டு. வரி ஆணை பிறந்த மாதத்தில் அதற்கு மனுப் போட வேண்டும். இந்திய கார்பன் ஸ்டீல் வெல்டட் பைப்புக்கான ஆணை 1986 மே மாதத்தது. ஆகவே மறுஆய்வுக் காலம் மே 1 முதல் ஏப்ரல் 30 வரை. வெல்டட் ஸ்டெயின்லெஸ் பிரஷர் பைப்புக்கு ஆணை 2016 நவம்பரில் வந்தது. அதற்கு நவம்பர் 1 முதல் அக்டோபர் 31. யாருமே மனுப் போடவில்லை என்றால் கட்டிய டெபாசிட்டே இறுதி வரியாகிவிடும்.

விகிதத்தைக் கணக்கிடுவது அமெரிக்க வணிகத் துறை. வசூலிப்பது சுங்கத் துறை. வணிகத் துறையின் கணக்கு தவறு என்று நினைத்தால், முடிவு வெளியான 30 நாளுக்குள் நியூயார்க்கில் இருக்கும் பன்னாட்டு வணிக நீதிமன்றத்தில் வழக்கைத் தொடங்க வேண்டும். அதற்கு மேல் வாஷிங்டனில் ஃபெடரல் சர்க்யூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றம்.

இரண்டாம் படி: கோர்ட் என்ன செய்தது என்று பாருங்கள்

"கோர்ட் வரியைக் குறைத்தது" என்று எல்லோரும் சொல்கிறோம். கோர்ட் அப்படிக் குறைப்பதில்லை. "நீ போட்ட கணக்கில் இந்த இடம் சட்டப்படி இல்லை, திரும்பப் போட்டு எடுத்து வா" என்று வணிகத் துறைக்கே திருப்பி அனுப்பும். இதற்குப் பெயர் ரிமாண்ட். நம் ஊரில் ரிமாண்ட் என்றால் பதினைந்து நாள் உள்ளே வைப்பது. இங்கே உள்ளே போவது கணக்கு நோட்டு. வணிகத் துறை புதுக் கணக்குடன் வரும். கோர்ட் ஏற்றுக்கொண்டால் தீர்ப்பு. இல்லையென்றால் மறுபடியும் ரிமாண்ட். இரண்டு மூன்று சுற்று போவது சாதாரணம்.

சில நேரம் வணிகத் துறை "மரியாதையுடன் எதிர்ப்பைப் பதிவு செய்து" கணக்கை மாற்றுகிறோம் என்று எழுதியிருக்கும். பணிவு வார்த்தை என்று தாண்டிவிடாதீர்கள். மேல்முறையீட்டு உரிமையைக் கையில் வைத்துக்கொள்வதற்காக எழுதும் வாக்கியம் அது. இப்படி எதிர்ப்புடன் மாற்றிய கணக்கைக் கோர்ட் ஏற்றுக்கொண்டாலும் துறை மேல்முறையீடு செய்யலாம் என்று 2003-ல் ஃபெடரல் சர்க்யூட் சொன்னது, இந்தியாவின் விராஜ் குழும வழக்கில்தான். அந்த வாக்கியத்தைக் கண்டால் பணம் சீக்கிரம் வராது என்று முதலாளியிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: விகிதம் ஏன் மாறியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்

நான் சொன்னால் நம்பாமல் தாளை எடுத்து நீங்களே போட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது. எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு.

ஒரு கம்பெனி உள்நாட்டில் ஒரே அளவு பைப்பை, ஒரே எடையில், நான்கு முறை விற்றது. டன் விலை 900, 940, 1000, 1080 டாலர். அமெரிக்காவுக்குக் கொடுத்த விலை, கப்பல் கூலி எல்லாம் கழித்த பிறகு, 960. உற்பத்திச் செலவு 920 என்று வைத்துக்கொள்வோம். செலவுக்குக் கீழே விற்றது ஒன்றுதான், 900. நான்கில் ஒன்று என்றால் 25 சதவீதம். செலவுக்குக் கீழான விற்பனை 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கலாம் என்பது விதி. நீக்கினால் மிச்சம் மூன்றின் சராசரி 1006.67. அமெரிக்க விலையுடன் வித்தியாசம் 46.67. அதை 960-ஆல் வகுத்தால் 4.86 சதவீதம். இதுதான் டம்பிங் விகிதம்.

இப்போது வணிகத் துறை, "உங்கள் நாட்டில் ஹாட் ரோல்டு காயில் (பைப் செய்ய வாங்கும் ஸ்டீல் தகட்டுச் சுருள்) விலையே இயல்பானதாக இல்லை" என்று சொல்லி, செலவை 920-லிருந்து 960-க்கு ஏற்றுகிறது. பைப் அதேதான், விலையும் அதேதான். ஆனால் 940-க்கு விற்றதும் இப்போது செலவுக்குக் கீழே போய்விட்டது. மிச்சம் 1000, 1080. சராசரி 1040. வித்தியாசம் 80. விகிதம் 8.33 சதவீதம்.

மலிவான விற்பனைகளைத் தட்டிவிட்டால் மிஞ்சுவது விலை கூடியவை மட்டும். விகிதம் ஏறாமல் என்ன செய்யும்? அமெரிக்கச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தத்தைக் காட்டித்தான் கொரியா, தாய்லாந்து பைப்புகளுக்கு இப்படிக் காயில் விலையை ஏற்றினார்கள். 2021 டிசம்பரில் ஹூண்டாய் ஸ்டீல் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட், செலவுக்குக் கீழான விற்பனையைச் சோதிக்கும் இடத்தில் இந்த ஏற்றத்தைச் செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்றது. நம் உதாரணத்தில் ஏற்றத்தை எடுத்துவிட்டால் 8.33 மறுபடி 4.86 ஆகும். 2,00,000 டாலர் சரக்குக்கு வித்தியாசம் 6,940 டாலர். கணக்கில் ஓர் இடம் மாறினால் இவ்வளவு.

என் அபிப்பிராயத்தில் விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காரணத்தைப் படிக்காமல் விடுவது பெரிய நஷ்டம். நம் கம்பெனிக் கணக்கிலும் அதே ஓட்டை இருக்கிறதா என்று தெரிவது காரணத்தைப் படித்தால்தான்.

நான்காம் படி: நோட்டீஸை வரிவரியாகப் படியுங்கள்

கோர்ட் தீர்ப்பு துறையின் பழைய முடிவோடு ஒத்துப்போகவில்லை என்றால், 10 நாளுக்குள் அதை அறிவிக்க வேண்டும். அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வரும். 1990-ல் வந்த டிம்கென் வழக்கின் பெயரால் இதை டிம்கென் நோட்டீஸ் என்பார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதற்குப் பணம் கேட்கிற ஏஜென்டைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

முதலில் வழக்கு எண். ஏ-533-502 என்பது இந்திய கார்பன் பைப். நடுவில் இருக்கும் 533-தான் இந்தியா. 580 கொரியா, 489 துருக்கி, 549 தாய்லாந்து. அந்தத் தம்பி அனுப்பிய நோட்டீஸில் இருந்தது 549. முதலாளியின் ரீஃபண்ட் கனவு அந்த மூன்று இலக்கத்திலேயே முடிந்தது. இருந்தாலும், நாளைக்கு 533 வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதால் தொடர்ந்தேன்.

அடுத்து மறுஆய்வுக் காலம். தூத்துக்குடியில் கப்பலேறிய தேதியை வைத்து ஏமாறாதீர்கள். கொழும்பில் மாறி ஹூஸ்டன் போய்ச் சேர ஒன்றரை மாதம் ஆகலாம். ஏப்ரல் 5-ல் கிளம்பிய கண்டெய்னர் மே இரண்டாம் பாதியில் அங்கே சுங்கப் பதிவானால், அது அடுத்த ஆண்டின் கணக்கு. இறக்குமதியாளரின் கையில் இருப்பது அங்கே பதிவான தேதி; உங்கள் ஷிப்பிங் பில் தேதியை அங்கே யாரும் கேட்பதில்லை.

பிறகு நிறுவனங்களின் பட்டியல். அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். பக்கத்து சிட்கோவில் இருக்கிறவருக்கு விகிதம் குறைந்தால் உங்களுக்கும் குறையும் என்று எண்ண வேண்டாம்.

கடைசியாக, டெபாசிட் பற்றிய பத்தி. தீர்ப்புக்குரிய ஆண்டுக்குப் பிந்தைய ஆண்டின் மறுஆய்வு முடிவு ஏற்கெனவே வந்திருந்தால், இப்போதைய டெபாசிட் விகிதம் மாறாது என்று எழுதியிருப்பார்கள். வழக்கு நடந்துமுடிய வருடங்கள் ஆவதால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். தீர்ப்பு பழைய கண்டெய்னருக்கு, அடுத்த வாரம் கிளம்பப்போகும் கண்டெய்னருக்கு அல்ல. 2025 ஜூன் முதல் ஸ்டீலுக்கு 50 சதவீதமாக இருந்த தனி வரியும் வேறு சட்டத்தின் கீழ் வந்தது. இந்தத் தீர்ப்பு அதைத் தொடாது.

ஐந்தாம் படி: தடையாணை இருக்கிறதா என்று கேளுங்கள்

இந்த இடத்தில் நானே ஒருமுறை விழுந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், வேலை பார்த்த இடத்தில், விகிதம் குறைந்த நோட்டீஸைப் பார்த்ததும் வாடிக்கையாளருக்கு உற்சாகமாக மெயில் போட்டேன், இவ்வளவு டாலர் உங்களுக்குத் திரும்பும் என்று. இரண்டு நாள் கழித்து அவருடைய சுங்க புரோக்கர் ஒரே வரியில் பதில் எழுதினார்: அந்தப் பதிவுகள் எல்லாம் முன்பே லிக்விடேட் ஆகிவிட்டன.

லிக்விடேஷன் என்றால் கம்பெனி திவாலாவது அல்ல. ஒரு சுங்கப் பதிவின் கணக்கை இறுதியாக மூடுவது. மூடிவிட்டால் பின்னால் வரும் தீர்ப்பு அந்தப் பதிவுக்குப் பயன்படாது. அதனால்தான் வழக்குப் போடுகிறவர்கள் கையோடு, "தீர்ப்பு வரும்வரை இந்தப் பதிவுகளை மூடாதே" என்று கோர்ட்டில் தடையாணை வாங்குகிறார்கள். நோட்டீஸின் கடைசியில் அந்தத் தடையாணை பற்றி எழுதியிருக்கும். உங்கள் பதிவு அதற்குள் அடங்கினால்தான் புது விகிதம்.

தடையாணை இருந்தாலும் மேல்முறையீட்டுக்கான 60 நாள் கழிய வேண்டும். மேல்முறையீடு போனால் அது முடிய வேண்டும். அப்புறம்தான் சுங்கத் துறைக்கு உத்தரவு போகும். அதற்குப் பின் ஆறு மாதத்துக்குள் அவர்கள் மூடவில்லை என்றால், இறக்குமதியின்போது சொன்ன பழைய விகிதத்திலேயே தானாக மூடியதாகிவிடும். சுங்கத் துறை கணக்கில் தவறு செய்தால் 180 நாளுக்குள் ஆட்சேபம் எழுத வேண்டும். இந்தத் தேதிகளை காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

ஆறாம் படி: பணம் யாருடையது?

டெபாசிட் கட்டியவருக்கே அது வட்டியோடு திரும்பும். அங்கே இறக்குமதியாளராகப் பதிவாகியிருப்பவர் உங்கள் வாடிக்கையாளர் என்றால் பணம் அவருக்கு. வீடுவரை டெலிவரி என்று ஒப்புக்கொண்டு உங்கள் கம்பெனி பெயரிலேயே இறக்குமதி செய்திருந்தால் மட்டும் உங்களுக்கு.

நம் பக்கத்து வியாபாரத்தில் நஷ்டத்தில் பாதியை ஏற்றுக்கொள்வது மரியாதை. "வரி உங்களுக்குக் கஷ்டம் கொடுக்கிறதா, அடுத்த இன்வாய்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். இந்த விஷயத்தில் அந்தப் பெருந்தன்மை கையைச் சுடும். இறக்குமதியாளர் கட்ட வேண்டிய ஆன்டி டம்பிங் வரியை ஏற்றுமதியாளர் திருப்பிக் கொடுத்தால், அந்தத் தொகையை உங்கள் அமெரிக்க விலையிலிருந்து கழித்துத்தான் விகிதம் போடுவார்கள். விகிதம் இன்னும் ஏறும். அப்படி எதுவும் வாங்கவில்லை என்று இறக்குமதியாளர் கணக்கு மூடுவதற்கு முன் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் வாங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள். மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் "கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதாதீர்கள்.

கடைசியாக, எக்செல்லில் ஒரு தாள் போடுங்கள். நம் இன்வாய்ஸ் எண், அமெரிக்க என்ட்ரி எண் (அங்கே சுங்கப் பதிவின் எண்), பதிவான தேதி, கட்டிய டெபாசிட், மூடியதா இல்லையா. என்ட்ரி எண் 11 இடங்கள் கொண்டது. அது உங்களிடம் இருக்காது, வாடிக்கையாளரின் புரோக்கரிடம்தான் கேட்க வேண்டும். அந்தத் தம்பி அன்று இரவே தாளைத் தயார் செய்து அனுப்பினான். 14 கண்டெய்னர். முதல் நெடுவரிசையை நிரப்பியிருந்தான், மற்ற நான்கும் காலி. முதலாளிக்கு அதையே அப்படியே காட்டச் சொன்னேன்.