உப்புக் காற்றில் ஒரு மொரிஸ் மைனர்: முதன்முறை பழைய கார் வாங்குவோருக்கு

திருகோணமலையில் ஊர்ப் பெயர்களே எச்சரிக்கைப் பலகைகள். உப்புவெளி. உவர்மலை. நிலாவெளிப் பக்கம் போனால் உப்பளம். இங்கே பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருக்க ஆசைப்படுகிறவர் முதலில் இந்தப் பெயர்களை மெதுவாக ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். நான் வாசிக்கவில்லை. பளபளத்த பச்சை நிறத்தையும் சாவியைத் திருப்பி இழுத்ததும் பிடித்துக்கொண்ட எஞ்சினையும் கண்டு மயங்கி ஒரு மொரிஸ் மைனரை வாங்கினேன். மூன்றாம் மாதம் சாரதி இருக்கைக்கு முன்னாலிருந்த விரிப்பைத் தூக்கினேன். கீழே வீட்டுச் சீமெந்துத் தரை தெரிந்தது.

ஆகவே இந்த வழிகாட்டி எஞ்சினிலிருந்து தொடங்கவில்லை. எஞ்சினை எந்த வயதிலும் திருத்தலாம். துருப்பிடித்த பொடியை, அதாவது காரின் உடற்கூட்டைத் திருத்துவது, கரையான் தின்ற கூரையின் கீழ் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது.

படி 1: பார்ப்பது என்ன கார் என்று அறியுங்கள்

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன் மிங்ஸ், பேஜோ 203, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்று நம் தெருக்களில் எஞ்சியிருப்பவை அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது மொரிஸ் மைனரைத்தான். அதைத் திருத்தத் தெரிந்த கை இன்னும் ஊருக்கு ஒன்றாவது இருக்கிறது. உதிரிப் பாகம் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் அகப்படும்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. எதிரே வருவது எந்தக் காலத்து மைனர் என்று தூரத்திலிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம். முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அதற்குப் பிந்திய மைனர் 1000. கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து கைபோல நீண்டு திசை காட்டும் சிறு விளக்கு 1961 வரை வந்தது. பிறகுதான் மினுங்கும் விளக்குகள். ஆனால் பல கார்களில் மினுங்கும் விளக்கைப் பின்னாளில் பொருத்தியிருக்கிறார்கள் என்பதால் இந்த அடையாளத்தை மட்டும் நம்ப வேண்டாம். எஞ்சின் 1956 முதல் 948 சீசீ, 1962 முதல் 1098 சீசீ.

பொனட்டின் நடுவே நீளமாக ஓடும் ஒரு பட்டையைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கார் ஏறத்தாழ முடிந்த நிலையில் அகலம் போதாது என்று இசிகோனிஸுக்குத் தோன்றியதாம். மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் நகர்த்தி வைத்துப் பார்த்து, அதுவே சரி என்று முடிவு செய்தார். அந்த 4 அங்குலத்தின் தழும்புதான் பொனட்டில் இருக்கிறது. பம்பர்கள் ஏற்கெனவே செய்து முடிந்திருந்ததால், ஆரம்பக் கார்களில் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள்.

படி 2: கதையைக் கேளுங்கள், புத்தகத்தைப் பாருங்கள்

நம் ஊரில் விற்பனைக்கு வரும் எந்தப் பழைய காரைப் பற்றிக் கேட்டாலும், வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவர் வைத்திருந்தது என்பார்கள். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது, பதிவுப் புத்தகத்தைத் திறக்கும் வரை. உற்பத்தி ஆண்டு 1963. பிரித்தானியக் கடற்படை துறைமுகத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது 1957இல்.

இலக்கத் தகடும் பேசும். 1957க்கு முன் பதிவானவற்றில் ஆங்கில எழுத்துகள். அவ்வாண்டு முதல் சிங்கள ஸ்ரீ எழுத்து. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டத்தில் தமிழ் எழுத்தில் ஸ்ரீ பொறித்துக்கொண்டு கார்கள் ஓடின. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான்: செசி (அடிச்சட்டம்) இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் நேரில் வாசித்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மைனருக்குள் ஜப்பான் எஞ்சினை இறக்கியவர்கள் ஏராளம். அப்படி மாற்றியிருந்தால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால், விற்பவர் அதைச் சரிசெய்து தரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.

படி 3: மல்லாந்து படுங்கள்

பழைய சாரம் (லுங்கி) ஒன்று, டார்ச் ஒன்று, சிறு காந்தம் ஒன்று, மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. இவ்வளவும் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மைனருக்குத் தனிச் செசி கிடையாது. தரைத் தகடும் அதோடு ஒட்டிய பெட்டி வடிவச் சட்டங்களும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. எனவே தரையில் துளை என்றால் அது வெறும் துளையல்ல, எலும்பு முறிவு. முதலில், முன் இருக்கைகளுக்குக் கீழே காரின் குறுக்கே ஓடும் சட்டத்தின் இரு முனைகளையும் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம் அதுதான். முதலில் உளுத்துப்போகும் இடமும் அதுதான். அடுத்து, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டம். பிறகு பின் ஸ்பிரிங் தகடுகள் பொடியோடு சேரும் முனைகள். கடைசியாக முன் சக்கர வளைவுகளின் உட்புறம்.

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு ஈர மட்பானைபோலப் பொத்தென்று சொல்லும். வெளித் தகட்டில் காந்தத்தை ஒரு மெல்லிய துணிக்குள் வைத்து நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பெயிண்டுக்குக் கீழே இரும்பில்லை, குழிகளை நிரப்பும் புட்டிப் பசை இருக்கிறது. என் காரின் இடது முன் மட்கார்ட்டில் காந்தம் ஒரு சாண் தூரம் எதிலும் பிடிக்கவில்லை. இதை வாங்கிய பிறகுதான் செய்து பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் மகிழாதீர்கள். விற்பனைக்கு முதல் வாரம் யாரும் அக்கறையால் பூச்சு அடிப்பதில்லை.

இன்னொன்று, இது உயிர் விஷயம். முன் சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். மைனரின் முன் சக்கரத் தூண், மரையுள்ள (திருகுப் புரியுள்ள) மூட்டுகளில் நிற்கிறது. கிரீஸ் காணாமல் அந்த மரை தேய்ந்துவிட்டால் ஒருநாள் திருப்பத்தில் மூட்டு கழன்று சக்கரம் உள்ளே மடங்கிவிடும், கார் மூக்குக் குத்தி நிற்கும். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால், அந்தக் காரை ஓட்டிப் பார்க்கவும் ஏறாதீர்கள்.

படி 4: உவர்மலையில் ஏற்றுங்கள்

ஓட்டிப் பார்க்க ஏற்றம் வேண்டும், உவர்மலை போதும். சாவியைத் திருப்பியதும் பொனட்டுக்குள் டிக் டிக் என்ற சத்தம் வேகமாக வந்து அடங்க வேண்டும். அது மின் பெற்றோல் பம்ப். சத்தம் அடங்காமல் தொடர்ந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. சத்தமே இல்லையென்றால் பம்பை ஸ்பானரால் மெதுவாகத் தட்டுங்கள். பாதி நேரம் விழித்துக்கொள்ளும்.

முதல் கியரைக் கார் முற்றாக நின்ற பிறகே போட வேண்டும். அசையும்போது போட்டால் அரைபடும், அது காரின் குற்றமல்ல. இறக்கத்தில் கால் எடுத்ததும் கியர் தானாகக் கழன்று வெளியே வந்தால்தான் குற்றம். இறங்கி முடிந்து மீண்டும் பெற்றோல் கொடுக்கும்போது பின்னால் ஒருமுறை நீலப் புகை வந்தால் வால்வுகளின் பக்கம் ஒயில் கசிகிறது, பொறுக்கலாம். ஏறும்போது முழுக்க நீலமாக வந்தால் பிஸ்டன் வளையம் போய்விட்டது. விலையைக் குறைத்துப் பேசலாம்.

படி 5: சரியான ஸ்பானர் வாங்குங்கள்

சாவி கைக்கு வந்த அன்றே எல்லோரும் செய்யும் பிழை, வீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருக்கும் ஸ்பானர்களை எடுப்பது. அவை மில்லிமீற்றர் கணக்கு. மைனரின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், 13 ஸ்பானர் அதில் சேர்ந்ததுபோலவே இருக்கும். இறுக்கிய துருப் போல்ட்டில் ஒருமுறை அழுத்தினால் தலை உருண்டையாகிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். 7/16, 1/2, 9/16 இம்மூன்றும் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

பற்றரியிலும் ஒரு கண்ணி. இன்றைய கார்களில் பற்றரியின் எதிர்முனை பொடியோடு சேரும். மைனரில் நேர்முனை சேரும். ஒரு கராஜில் என் காருக்குப் புதுப் பற்றரி போட்ட பையன் வழக்கப்படி மாற்றிப் பொருத்திவிட்டான். கார் ஓடியது. டைனமோதான் சார்ஜ் செய்ய மறுத்தது. அதன் துருவத்தைத் திருப்பி வைக்கத் தெரிந்த ஒரு முதிய மின் திருத்துநரைத் தேடி இரண்டு வாரம் அலைந்தேன். அவர் ஒரு வயர்த் துண்டை எடுத்துக் கண நேரம் தொட்டார், ஒரு பொறி பறந்தது, வேலை முடிந்தது. “தம்பி, இதற்குப் போய்க் காசு வாங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். பற்றரிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘நேர்முனை பொடிக்கு’ என்று எழுதி ஒட்டுங்கள்.

படி 6: மாத வேலைகள்

கிரீஸ் முதலில். 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, முன் சக்கரத்தை உயர்த்தி, பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். படி 3இல் சொன்ன மரையைக் காப்பது இது ஒன்றுதான்.

எஞ்சின் ஒயில் 20டபிள்யூ-50 போடுங்கள். நான்கு லீற்றர்ப் போத்தல் ஒன்று போதும். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபுரேற்றரின் தலையிலுள்ள சிறு மூடியைத் திருகித் திறந்து, உள்ளே ஒயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றினால் பெற்றோல் கொடுக்கும்போது கார் தயங்கும், நீங்கள் வீணாகப் பிளக் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்று வாங்கி மூன்று இடைவெளிகளைப் பழகுங்கள்: பொயின்ட் (பிளக்குக்குப் பொறி தர மின்னை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) 0.38 மில்லிமீற்றர், பிளக் 0.64, எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு 0.30. இலங்கையில் 2002 முதல் ஈயம் கலக்காத பெற்றோல்தான். பழைய சிலிண்டர் தலைகளில் வால்வின் இருக்கை மெல்லத் தேய்ந்து, வால்வு இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். அடிக்கடி குறைகிறதென்றால் கடினப்படுத்திய இருக்கை போட வேண்டிய வேளை வந்துவிட்டது.

பிரேக் ஒயில் பாத்திரத்தைத் தேடி அரைநாள் பொனட்டுக்குள் தலையை விட்டிருந்தவன் நான். அது அங்கே இல்லை. சாரதியின் காலடியில், விரிப்புக்குக் கீழே ஒரு மூடிக்குள் இருக்கிறது. திறக்கும் முன் சுற்றியுள்ள மணலைத் துடைத்தெடுங்கள். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல் பிரேக்கையே பிடிக்கவிடாது. ஈரத்தை உறிஞ்சும் திரவம் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள்.

படி 7: வாடைக்கு முன், வாடைக்குப் பின்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கார் ரப்பரில்தான் அடிபடும். கதவோர ரப்பர்கள் காய்ந்து வெடிக்கும். ஒக்டோபர் கடைசியில் வடகிழக்கு வாடை திரும்பியதும் அந்த வெடிப்புகளால் மழை இறங்கும், விரிப்பு நனையும், தரை உளுத்துப்போகும். ஆகையால் செப்டெம்பரில் ஒரு ஞாயிறை ஒதுக்கி ரப்பர்களை மாற்றுங்கள். கதவுகளின் அடிவிளிம்பிலுள்ள நீர் வடியும் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகுப் பூச்சைப் பீய்ச்சுங்கள். கழிவு ஒயில் பூசும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. இரும்புக்கு அது நல்லதுதான். ஆனால் ரப்பரை ஊதவைக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து.

பிளாஸ்டிக் விரிப்பால் காரை மூடாதீர்கள். உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும். பக்கங்கள் திறந்த ஓலைக் கொட்டிலும் ஒரு பருத்தித் துணி உறையும் மேல். உறை வாங்கிய வாரமே, கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று அதன் மூலையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அதற்கு என்னிடம் தீர்வு கிடையாது.

கடற்கரையோரம் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே அடிப்புறத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் கழுவுங்கள். எந்த நீரால் என்பது முக்கியம். கடலுக்கு அருகிலுள்ள கிணறுகள் பல உவர். ஒரு கறுப்புத் தட்டில் கொஞ்சம் ஊற்றிக் காயவிடுங்கள். வெள்ளைப் படலம் படிந்தால் அந்த நீர் காருக்கு ஆகாது, குழாய் நீரைப் பிடியுங்கள்.

வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். கந்தளாய் வீதியில் உள்நாட்டுப் பக்கமாக அரை மணி நேரம் போய் வந்தால் எஞ்சின் நன்றாகச் சூடேறிச் சைலன்சருக்குள் தேங்கிய நீர் ஆவியாகிவிடும். கழுவிய கையோடு நிறுத்திவிடாதீர்கள். பிரேக் டிரம்முக்குள் போன நீர் காய, நாலைந்து முறை மிதித்து மிதித்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். மழைக்காலத்தில் பல நாள் நிறுத்துவதென்றால் கைப் பிரேக்கை இழுக்க வேண்டாம், உள்ளே ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அணைத்து வையுங்கள்.