தாத்தாவின் பட்டாளப் பெட்டி: ஆராய்ச்சியை எங்கிருந்து தொடங்குவது?

பழைய ராணுவப் பொருள் சேகரிக்கலாம் என்று ஆசை வந்ததுமே நிறையப் பேர் வாள், துப்பாக்கி பக்கம்தான் ஓடுகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு படமும் இரண்டு மெடலும் கிடந்தால் போதும். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்த நம் பக்கத்து ஆட்களை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை, எதையும் தேய்க்காமல் இருப்பது. பிராஸோ (பித்தளை பாலிஷ்) போட்டுப் பளபளப்பாக்கினால் விளிம்பில் உள்ள எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், நமக்கு வேண்டியதே அந்த எழுத்துதான். படத்தை லேமினேட் செய்யாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், கழற்ற வந்தால் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையோ கையெழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து மெடலின் விளிம்பு. முதல் உலகப் போர் வெள்ளி மெடலில், ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை வீரன் இருக்குமே, அதில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். 'மதராஸ்' என்ற சொல்லைத் தேடி ஏமாறாதீர்கள்: 1911 முதல் 1923 வரை மதராஸ் சேப்பர்ஸின் (ராணுவப் பொறியாளர் படை) பெயர் '2-வது குயின் விக்டோரியாஸ் ஓன் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்', ஊர்ப்பெயரே கிடையாது. இரண்டாம் உலகப் போர் ஸ்டார்களை (நட்சத்திர வடிவ மெடல்கள், பர்மா ஸ்டார் போன்றவை) பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள், ஆனால் இந்திய வீரர்களுடையதில் பின்பக்கம் பெயர் இருப்பது சகஜம். பெயரில்லாத ஸ்டாரில் போலி நிறைய, அதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டாம்.

சரி, இப்போது படம். பதவியைப் பார்க்க, சட்டைக் கையில் ஒரு பட்டை என்றால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் ஒரு நட்சத்திரம் ஜமேதார், இரண்டு சுபேதார். தொப்பி பேட்ஜில் கிரீடம் இருந்தால் 1950-க்கு முந்தைய படம் என்று எடுத்துக்கொள்ளலாம், குடியரசானதும் அந்த இடத்துக்கு அசோகச் சிங்கங்கள் வந்துவிட்டன. யூனிஃபார்ம் காக்கியா, காட்டுப் பச்சையா என்று கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள்! வீட்டில் சொல்லும் கதையையும் இதே போலச் சோதிக்கலாம். மதராஸ் காலாட்படையை 1920-களின் கடைசிக்குள் கலைத்துவிட்டு, இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் மறுபடி திரட்டினார்கள், அதனால் '1935-ல் மதராஸ் ரெஜிமென்டில் இருந்தார்' என்றால் அவர் சேப்பர்ஸிலோ வேறு பிரிவிலோ இருந்திருக்கத்தான் வாய்ப்பு.

பெயரும் எண்ணும் கிடைத்த பிறகு ஆவணங்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் இலவசம். முனுசாமி என்ற பெயரை அந்தக் காலத்துக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று யோசித்து, நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள், எண்ணை வைத்துத் தேடினால் இன்னும் நல்லது. சில பதிவுகளில் அப்பா பெயர், ஊர், மாவட்டம் வரை இருக்கும். உயிரோடு திரும்பியவர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு, சேப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள அவர்களுடைய மையத்துக்கும், மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள மையத்துக்கும், எண், பெயர், ஊர், உங்கள் உறவுமுறை எழுதிக் கடிதம் போட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரே ஆளின் மெடல்களைப் பிரித்து விற்காதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள். தனியாகப் போனால் அதன் கதை அறுந்துவிடும்.

கடைசியாக ஆயுதம். துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 'ரொம்பப் பழசு, சுடாது' என்று நாமே முடிவு செய்துகொள்ள முடியாது, காவல் நிலையத்தில் கேளுங்கள். வாள், பயனெட்டுக்கும் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) சில பகுதிகளில் உரிமம் தேவை. குண்டு, ஷெல் எதுவும் கண்ணில் பட்டால் கையே வைக்காமல் போலீஸைக் கூப்பிடுங்கள். நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளைத் தனிஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது, ஆகவே ஆன்லைனில் வெளிநாட்டுக்காரர் என்ன விலை சொன்னாலும் பார்சல் கட்டாதீர்கள்.